ஜப்பான் 'கிரெய்ன்' விஸ்கி: மால்ட் இல்லைன்னா மட்டமா? லேபிளைப் படிப்பது எப்படி, ருசி பார்ப்பது எப்படி?

ஜப்பான் விஸ்கி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது யமசாகி, ஹிபிகி போன்ற பெயர்களும் கூடவே வரும் விலையும்தான். அதே அலமாரியில், கொஞ்சம் குறைந்த விலையில், 'சிங்கிள் கிரெய்ன்' என்று எழுதிய பாட்டில்களும் இருக்கும். அதைப் பார்த்ததும் எழும் முதல் கேள்வி: "இது மால்ட் இல்லையே, அப்போ ரெண்டாந்தரமா?"

இந்தியாவில் இந்தச் சந்தேகம் வருவதற்குக் காரணமும் இருக்கிறது. நம்ம ஊர் விஸ்கி லேபிளில் 'கிரெய்ன்' என்ற சொல் வந்தால் அது பெரும்பாலும் வேறொரு பொருளைக் குறிக்கிறது. ஒரே சொல், இரண்டு அர்த்தம். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பாட்டிலை வாங்குபவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

கிரெய்ன் விஸ்கி என்றால் என்ன, ஜப்பானுக்கு அது எப்படிப் போனது, லேபிளில் எதைப் பார்க்க வேண்டும், எப்படி ருசிக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

- மால்ட் விஸ்கிக்கு முளைகட்டிய பார்லி மட்டும். கிரெய்ன் விஸ்கிக்குப் பெரும்பாலும் மக்காச்சோளம், கோதுமை போன்ற தானியங்கள், கூடவே கொஞ்சம் முளைகட்டிய பார்லி.
- மால்ட் பானை வடிவ வாலையில் தொகுதி தொகுதியாக வடிக்கப்படுகிறது. கிரெய்ன் உயரமான தூண் வாலையில் இடைவிடாமல் வடிக்கப்படுகிறது.
- 'சிங்கிள்' என்றால் ஒரே ஆலை என்று அர்த்தம். ஒரே தானியம் என்று அர்த்தம் இல்லை.
- 'ஜப்பானிய விஸ்கி' என்று எழுத 2021 முதல் அந்நாட்டுத் தொழில் சங்கத்தின் விதிகள் இருக்கின்றன. ஆனால் அது சட்டம் அல்ல.
- கிரெய்ன் விஸ்கியும் நம்ம ஊர் கிரெய்ன் நியூட்ரல் ஸ்பிரிட்டும் ஒன்றல்ல.

கிரெய்ன் விஸ்கி என்றால் என்ன?

பெயரே கொஞ்சம் குழப்பம்தான். பார்லியும் தானியம்தானே, அப்புறம் ஏன் இதை மட்டும் 'தானிய விஸ்கி' என்று சொல்கிறார்கள்?

ஸ்காட்லாந்தில் உருவான வழக்கம் இது. முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்துப் பானை வாலையில் வடித்தால் மால்ட். மற்ற தானியங்கள் சேர்ந்தால், அல்லது தூண் வாலையில் வடித்தால், கிரெய்ன். ஜப்பானின் கிரெய்ன் விஸ்கிகள் பெரும்பாலும் மக்காச்சோளத்தில் செய்யப்படுகின்றன.

அப்படியானால் கொஞ்சமாவது முளைகட்டிய பார்லி எதற்கு? மாவுச்சத்து நேரடியாக மதுவாக மாறாது. முதலில் சர்க்கரையாக உடைய வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நொதிகள் முளைகட்டிய பார்லியில் நிறைய இருக்கின்றன. சர்க்கரை ஆன பிறகு ஈஸ்ட் அதைத் தின்று மதுவாக்கும். கேழ்வரகை முளைகட்டினால் மாவு லேசாக இனிக்கும் என்பது நம் வீடுகளில் தெரிந்த விஷயம். அதே வேதியியல்தான் இங்கேயும்.

காஃபி ஸ்டில்: இதுக்கும் காபிக்கும் என்ன சம்பந்தம்?

ஒன்றுமே இல்லை. 'நிக்கா காஃபி கிரெய்ன்' என்ற பாட்டிலைப் பார்த்து காபி வாசனை வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. அது ஏனியாஸ் காஃபி என்பவரின் பெயர். அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்தவர். கள்ளச்சாராயம் பிடிக்கும் துறையில் வேலை பார்த்த அவர், 1830-ல் ஒரு தொடர் வாலைக்குக் காப்புரிமை பெற்றார். உலகம் முழுக்க கிரெய்ன் விஸ்கித் தொழில் பெருகியதற்கு அந்த வடிவமைப்பு முக்கியக் காரணம்.

அது எப்படி வேலை செய்கிறது? இட்லிக் கொப்பரையை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு மேல் தட்டு, கீழிருந்து நீராவி. காஃபி வாலையில் இரண்டு உயரமான தூண்கள். உள்ளே துளையிட்ட தட்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். முதல் தூணில் புளித்த திரவம் மேலிருந்து கீழே இறங்கும், நீராவி கீழிருந்து மேலே ஏறும். தட்டுக்குத் தட்டு இரண்டும் சந்திக்கும்போது ஆல்கஹால் ஆவியாகப் பிரிந்து மேலே போகும். எத்தனால் கொதிப்பது சுமார் 78 டிகிரி செல்சியஸில், தண்ணீர் 100-ல். அந்த இடைவெளிதான் இந்த வேலைக்கு ஆதாரம். பிரிந்த ஆவி இரண்டாவது தூணில் இன்னும் சுத்தமாகும்.

பானை வாலையில் ஒரு தொகுதி வடித்து, கழுவி, அடுத்ததை ஊற்ற வேண்டும். இரண்டு முறை வடித்த பிறகு பொதுவாக 65 முதல் 70% ஆல்கஹால் கிடைக்கும். தூண் வாலை நிற்காமல் ஓடும், 90 சதவீதத்துக்கு மேலும் கொண்டு போகலாம். ஆல்கஹால் எவ்வளவு உயருகிறதோ, தானியத்தின் வாசனையும் எண்ணெய்த்தன்மையும் அவ்வளவு குறையும். அதனால்தான் கிரெய்ன் விஸ்கி லேசாக இருக்கிறது.

லேசு என்றால் வெறுமை இல்லை. வாலையிலிருந்து வரும் குணம் குறைவாக இருப்பதால், பீப்பாயின் குரல் பலமாகக் கேட்கும். கிரெய்ன் விஸ்கியை ருசிக்கும்போது இதை மனசில் வச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது.

ஜப்பானுக்கு இது எப்படி வந்தது?

1918-ல் தகெட்சுரு மசதகா என்ற இளைஞர் விஸ்கி கற்றுக்கொள்ள ஸ்காட்லாந்து போனார். கிளாஸ்கோவில் வேதியியல் படித்தார், ஆலைகளில் பயிற்சி எடுத்தார். அவர் மால்ட் ஆலைகளில் கற்றது பலருக்குத் தெரியும். போனெஸ் என்ற ஊரின் ஆலையில், 1919-ல், காஃபி வாலையையும் பார்த்துக் கற்றார் என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

1920-ல் ஸ்காட்லாந்துப் பெண் ரீட்டா கோவனைத் திருமணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார். தோரி ஷின்ஜிரோ 1923-ல் தொடங்கிய யமசாகி ஆலையை எழுப்புவதில் முக்கியப் பங்கு வகித்தார். தோரியின் நிறுவனம்தான் இன்றைய சன்டோரி. 1934-ல் தகெட்சுரு பிரிந்து போய் யோய்ச்சியில் சொந்த ஆலை கட்டினார். அதுதான் இன்றைய நிக்கா.

ஆனால் அவர் பார்த்துவிட்டு வந்த காஃபி வாலை ஜப்பானுக்கு வந்து சேர நாற்பது வருடங்களுக்கு மேல் ஆனது. 1963-ல்தான் நிக்கா அதை ஸ்காட்லாந்திலிருந்து இறக்குமதி செய்தது. அப்போதே அதைவிட நவீனமான, அதிக ஆல்கஹால் தரும் வாலைகள் கிடைத்தன. பழைய வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதில் வடித்தால் தானியத்தின் வாசனை கொஞ்சம் மிஞ்சும் என்பதே. ஹியோகோ மாகாணத்தின் நிஷினோமியாவில் ஓடிய அந்த வாலைகள் 1999-ல் செண்டாய் அருகே உள்ள மியாகிக்யோ ஆலைக்கு மாற்றப்பட்டன. அங்கே இன்னும் ஓடுகின்றன.

மூன்று நிறுவனங்கள், மூன்று வழிகள்

ஜப்பான் கிரெய்ன் விஸ்கியில் எளிதாகக் காதில் விழும் பெயர்கள் மூன்று. மூன்றும் ஒரே மாதிரி இருக்காது.

*நிக்கா காஃபி கிரெய்ன் - 45% ஆல்கஹால்.* 2012-ல் வெளியானது. பெரும்பாலும் மக்காச்சோளம். கிரெய்ன் என்றால் மெல்லியது என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியம் தரும். வெனிலா, தேங்காய், கஸ்டர்டு போன்ற இனிப்பு. அமெரிக்க போர்பன் பிடித்தவர்களுக்கு இது பழகின இடம் மாதிரி இருக்கும்.

*தி சிட்டா - 43%.* நம்ம ஊர் பட்டா-சிட்டா இல்லை. ஐச்சி மாகாணத்தில் உள்ள சிட்டா தீபகற்பத்தின் பெயர். சன்டோரியின் கிரெய்ன் ஆலை அங்கே துறைமுகத்தை ஒட்டி 1972-ல் தொடங்கப்பட்டது. ஒரே ஆலையில் தூண்களின் எண்ணிக்கையை மாற்றி மாற்றி கனமானது, நடுத்தரம், சுத்தமானது என மூன்று வகை ஸ்பிரிட் வடிக்கிறார்கள். அமெரிக்க வெள்ளை ஓக், ஸ்பானிய ஓக், வைன் பீப்பாய்களில் ஊறவைத்துக் கலக்கிறார்கள். 2015-ல் ஜப்பானில் தனி பாட்டிலாக வந்தது. தேன், புதினா, லேசான ஏலக்காய் என்ற வரிசையில் போகும். மூன்றில் மிக மென்மையானது இதுதான்.

*கிரின் ஃபுஜி சிங்கிள் கிரெய்ன் - 46%.* ஃபுஜி மலை அடிவாரத்தில் கோடெம்பாவில், 1973-ல் உற்பத்தி தொடங்கிய ஆலை. ஜப்பானின் கிரின், வட அமெரிக்காவின் சீகிராம், ஸ்காட்லாந்தின் சீவாஸ் பிரதர்ஸ் மூன்றும் சேர்ந்து தொடங்கியது. அதனால் மூன்று நாட்டுத் தொழில்நுட்பமும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறது. லேசான ஸ்பிரிட்டுக்குப் பல தூண் வாலை, நடுத்தரத்துக்குக் கெட்டில், கனத்துக்கு போர்பன் ஆலைகளில் உள்ள 'டபுளர்' என மூன்று கருவிகள். இந்த மூன்றையும் கலந்த பாட்டில் 2020-ல் வந்தது. பழ வாசனை முன்னால் நிற்கும்.

ஒரே ஆலையில் ஏன் இத்தனை வகை?

ஸ்காட்லாந்தில் ஆலைகள் ஒன்றுக்கொன்று சரக்கை மாற்றிக்கொள்வது நீண்ட நாள் வழக்கம். கலவை விஸ்கி செய்பவருக்கு வேறு குணம் வேண்டும் என்றால் பக்கத்து ஆலையிடம் வாங்கலாம். ஜப்பானில் பெரிய நிறுவனங்கள் அப்படி மாற்றிக்கொள்வதில்லை. தேவையான எல்லாக் குணங்களையும் தாங்களே உருவாக்க வேண்டிய நிலை. அதனால் ஒரே ஆலையில் பல வாலை, பல ஈஸ்ட், பல பீப்பாய்.

கலவையில் கிரெய்னின் இடம் என்ன? ஹிபிகி, டோகி போன்ற சன்டோரி கலவைகளில் யமசாகி, ஹகுஷு மால்ட்டுகளோடு சிட்டா கிரெய்னும் இருக்கிறது. சாம்பாரில் பருப்பு மாதிரி என்று சொல்லலாம். பெருங்காயமும் முருங்கையும் மூக்கைத் தொடும், ஆனால் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது பருப்பு. அந்தப் பருப்பைத் தனியாகக் கிண்ணத்தில் ஊற்றி, நெய் விட்டுக் கொடுத்தால் அதற்கும் ஒரு ருசி உண்டு இல்லையா? சிங்கிள் கிரெய்ன் பாட்டில் அப்படித்தான்.

'ஜப்பானிய விஸ்கி' என்று யார் வேண்டுமானாலும் எழுதலாமா?

நீண்ட காலம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. ஜப்பானின் மது வரிச் சட்டத்தில் விஸ்கிக்கான வரையறை ரொம்பத் தளர்வானது. வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வாங்கிய விஸ்கியை ஜப்பானில் பாட்டிலில் அடைத்து, மலையும் மூங்கிலும் படம் போட்டு விற்க முடிந்தது.

சந்தை எப்படி மாறியது என்பதைப் பார்த்தால் இதன் பின்னணி புரியும். ஜப்பானில் விஸ்கி நுகர்வு 1983-ல் உச்சம் தொட்டு, 2007-08 வாக்கில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. விற்காத காலத்தில் யாரும் அதிகம் வடித்து வைக்கவில்லை. பிறகு ஹைபால் மோகத்தாலும் உலக விருதுகளாலும் தேவை எகிறியது. ஆனால் 12 வருடம் பீப்பாயில் இருந்த சரக்கு வேண்டும் என்றால் 12 வருடத்துக்கு முன்பே வடித்திருக்க வேண்டும். 2018-ல் ஹிபிகி 17, ஹகுஷு 12 இரண்டின் விற்பனையும் நிறுத்தப்படுவதாக சன்டோரி அறிவித்தது அந்தத் தட்டுப்பாட்டால்தான். வயது குறிப்பிடாத பாட்டில்கள் பெருகியதும், வெளிநாட்டுச் சரக்கு கலந்த பாட்டில்கள் அலமாரியை நிரப்பியதும் இந்தக் காலகட்டத்தில்தான்.

2021-ல் ஜப்பான் ஸ்பிரிட்ஸ் மற்றும் லிக்கர் தயாரிப்பாளர் சங்கம் ஒரு தர வரையறை கொண்டுவந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் அமல். பழைய பாட்டில்களுக்கு 2024 மார்ச் 31 வரை அவகாசம். அதன்படி 'ஜப்பானிய விஸ்கி' என்று எழுத வேண்டுமானால்:

1. மூலப்பொருள்: முளைகட்டிய தானியம் கட்டாயம். மற்ற தானியங்கள் சேர்க்கலாம். தண்ணீர் ஜப்பானில் எடுத்ததாக இருக்க வேண்டும்.
2. சர்க்கரையாக்குதல், நொதித்தல், வடித்தல் மூன்றும் ஜப்பானில் உள்ள ஆலையில் நடக்க வேண்டும்.
3. வடிக்கும்போது ஆல்கஹால் 95 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.
4. 700 லிட்டருக்கு மிகாத மரப் பீப்பாயில், ஜப்பானில், குறைந்தது 3 வருடம் ஊற வேண்டும்.
5. பாட்டிலில் அடைப்பதும் ஜப்பானில்தான். குறைந்தது 40% ஆல்கஹால்.
6. நிறத்துக்கு கேரமல் சேர்க்கலாம்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தானியம் ஜப்பானில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. இறக்குமதி மக்காச்சோளத்தில் செய்தாலும் அது ஜப்பானிய விஸ்கிதான். இரண்டு, இது சங்க உறுப்பினர்களுக்கான விதி, நாட்டின் சட்டம் அல்ல.

விதிக்குள் வராத பாட்டில் எல்லாம் போலி என்றும் முடிவு கட்ட வேண்டாம். பெயர் பெற்ற 'நிக்கா ஃப்ரம் தி பேரல்' இந்த வரையறையின் எல்லா நிபந்தனைகளையும் பூர்த்தி செய்யவில்லை என்று நிக்காவே சொல்லியிருக்கிறது. நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னால் வாங்குபவர் தெரிந்தே வாங்கலாம். சொல்லாமல் படம் காட்டுவதுதான் பிரச்சினை. வாங்கும் முன் அந்தக் குறிப்பிட்ட பாட்டிலைப் பற்றித் தயாரிப்பாளரின் இணையதளத்தில் ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள்.

நம்ம ஊர் 'கிரெய்ன் ஸ்பிரிட்'டும் இதுவும் ஒன்றா?

இல்லை. குழப்பம் அதிகம் நடக்கும் இடம் இது.

இந்தியாவில் விற்கும் பல விஸ்கிகளில் அடிப்படையாக இருப்பது நியூட்ரல் ஸ்பிரிட். அது கரும்பு ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்தோ, தானியத்திலிருந்தோ வரலாம். சுமார் 96% வரை வடிக்கப்படுவதால், எதிலிருந்து வந்தது என்ற அடையாளமே கிட்டத்தட்ட அழிந்துவிடும். அதோடு கொஞ்சம் மால்ட்டோ ஸ்காட்ச்சோ, சுவையோ சேர்ப்பார்கள். நியூட்ரல் ஸ்பிரிட் பீப்பாயில் ஊற வேண்டிய கட்டாயம் இல்லை.

கிரெய்ன் விஸ்கி அப்படி இல்லை. 95 சதவீதத்துக்குக் கீழே வடிப்பதால் மூலத்தின் குணம் கொஞ்சமாவது தங்கும். பிறகு மூன்று வருடமாவது மரத்தில் கிடக்கும். சதவீதக் கணக்கில் ஒரு புள்ளி வித்தியாசம்தான் என்று தோன்றலாம். ஆனால் அந்த மரமும் மூன்று வருடமும்தான் பெரிய வித்தியாசம். மொலாசஸ் அடிப்படையிலான மதுவை ஐரோப்பிய ஒன்றியம் விஸ்கி என்றே ஏற்பதில்லை.

ஆகவே லேபிளில் 'கிரெய்ன்' என்ற சொல்லுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்க. 'கிரெய்ன் விஸ்கி' வேற, 'கிரெய்ன் ஸ்பிரிட்' வேற.

ருசி பார்ப்பது எப்படி?

இதற்கு நிபுணராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவசரப்படாமல் இருந்தால் போதும்.

*கிளாஸ்:* அடி அகலமாகவும் வாய் குறுகலாகவும் இருக்கும் டியூலிப் வடிவ கிளாஸ் நல்லது. வாசனை மேலே குவியும். இல்லையென்றால் சின்ன வைன் கிளாஸ் போதும். அகல டம்ளரில் வாசனை சிதறிவிடும்.

*அளவு:* 15 மி.லி. போதும். ருசி பார்க்க 60 மி.லி. தேவையில்லை.

*நிறம்:* பாருங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள். கேரமல் சேர்க்க அனுமதி இருப்பதால் அடர் நிறம் வயதுக்குச் சாட்சி இல்லை.

*வாசனை:* மூக்கை உள்ளே நுழைக்காமல், ஓரத்தில் வைத்து, வாயை லேசாகத் திறந்து மெதுவாக மூச்சை இழுங்கள். முதல் தடவை ஆல்கஹால் எரிச்சல்தான் தெரியும். அரை நிமிடம் விட்டு மறுபடி முகருங்கள். கிரெய்னில் புகை, கடல், பாசி போன்ற உரத்த வாசனைகள் பெரும்பாலும் இருக்காது. இனிப்பு, பழம், மரம் என்ற மூன்று திசையில் தேடுங்கள்.

*முதல் வாய்:* சில சொட்டு. நாக்கு முழுக்கப் பரவ விட்டு விழுங்குங்கள். இது வாயைப் பழக்கத்தான். ருசியை இரண்டாவது வாயில் கவனியுங்கள்.

*வாயில் அதன் உடல்:* தண்ணீர் மாதிரி ஓடுகிறதா, எண்ணெய் மாதிரி படிகிறதா? சிட்டாவையும் காஃபி கிரெய்னையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு உடனே தெரியும்.

*பின்சுவை:* விழுங்கிய பிறகு என்ன நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது? மால்ட்டோடு ஒப்பிட்டால் கிரெய்னுக்குப் பின்சுவை சீக்கிரம் முடியலாம். அது குறை அல்ல, அதன் இயல்பு.

எந்த வார்த்தையில் சொல்வது?

ருசிக் குறிப்புகளில் 'கிரெம் புரூலே', 'அகேசியா தேன்' என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அதைச் சாப்பிட்டே பழகாதவருக்கு அது எதையும் நினைவுபடுத்தாது. வாசனை என்பது ஞாபகம். உங்கள் ஞாபகத்தில் இருக்கும் சொல்லையே எடுங்கள்.

வேகவைத்த மக்காச்சோளத்தின் ஆவி. தேங்காய் பர்ஃபி. பால்கோவா அடிப்பிடித்த ஓரம். பனங்கற்கண்டு. ரவா கேசரியின் நெய். ஏலக்காய். நன்றாகப் பழுத்த வாழைப்பழம். புதுசாக இழைத்த பலகை. இவை எல்லாம் கிரெய்ன் விஸ்கியில் தேடிப் பார்க்கக்கூடியவை.

இது வெறும் கற்பனை இல்லை, வேதியியலும் இருக்கிறது. ஓக் மரத்தின் லிக்னின் உடையும்போது வெனிலின் வருகிறது, வெனிலா வாசனை அதனால்தான். ஓக் லாக்டோன் என்ற சேர்மம் தேங்காயை நினைவுபடுத்தும். நொதித்தலில் உருவாகும் ஐசோஅமைல் அசிடேட் வாழைப்பழ வாசனை தரும். ஜப்பானின் மிசுனாரா ஓக் பீப்பாயில் ஊறிய விஸ்கியில் சந்தனம், ஊதுவத்தி வாசனை வரும் என்பார்கள். அந்த மரம் பெரும்பாலும் மால்ட்டுக்குத்தான் பேசப்படுகிறது, ஆனால் சந்தனத்தை அடையாளம் காண நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தண்ணீர் கலந்தால் கெட்டுவிடுமா?

கெடாது. கலவை நிபுணர்களே ஆல்கஹாலைச் சுமார் 20% அளவுக்குக் குறைத்துத்தான் பெரும்பாலும் முகர்ந்து பார்க்கிறார்கள். 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரி ஒன்றை வெளியிட்டார்கள். புகை வாசனை தரும் குவாயகால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் 45 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது, 59 சதவீதத்துக்கு மேலே உள்ளே மறைந்துகொள்கிறது என்று அது காட்டியது. தண்ணீர் சேர்த்தால் வாசனை மாறுகிறது என்ற அனுபவத்துக்கு அது ஓர் அறிவியல் விளக்கம்.

ஜப்பானில் கலப்பதற்குத் தனித்தனிப் பெயரே இருக்கிறது. 43% உள்ள 30 மி.லி. விஸ்கியை வைத்துக் கணக்குப் போட்டால், தோராயமாக:

- ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. தண்ணீர்: 36.9%
- 'ட்வைஸ் அப்', சம அளவு தண்ணீர், ஐஸ் இல்லை: 21.5%
- 'மிசுவாரி', 60 மி.லி. தண்ணீரும் ஐஸும்: 14.3%
- 'ஹைபால்', 90 மி.லி. சோடா: 10.8%
- 'ஹைபால்', 120 மி.லி. சோடா: 8.6%

மிசுவாரியிலும் ஹைபாலிலும் ஐஸ் உருக உருக இன்னும் குறையும்.

ருசி பார்க்க முதல் மூன்று வழிகளையும் வரிசையாக முயலலாம். சாப்பாட்டோடு என்றால் ஹைபால். கிளாஸ் நிறைய ஐஸ், குளிர்ந்த சோடா, மெதுவாக ஊற்றி ஒரே ஒரு கலக்கு. அதிகம் கலக்கினால் வாயு போய்விடும். ஜப்பானில் இதைப் பொரித்த கோழியோடு குடிப்பார்கள். வஞ்சிரம் வறுவலுக்கும் சுண்டலுக்கும் ஒத்துப்போகும். காரமான குழம்போடு வேண்டாம், சிட்டா மாதிரி மெல்லியது காணாமலே போய்விடும்.

குளிர்ந்தால் வாசனை அடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் முதல் முறை ருசி பார்க்கும்போது ஐஸ் வேண்டாம்.

இந்தியாவில் ஏன் இவ்வளவு விலை?

இறக்குமதி மதுவுக்குப் பொதுவாக அடிப்படைச் சுங்க வரி 50%, வேளாண் கட்டமைப்பு வரி 100% என மொத்தம் 150% இருந்து வருகிறது. 100 ரூபாய் மதிப்பில் துறைமுகம் வரும் சரக்கு, வெளியே வரும்போது 250 ரூபாய். அதற்கு மேல் மாநிலக் கலால், வாட், விநியோகஸ்தர், கடை. மதுவுக்கு ஜிஎஸ்டி இல்லாததால் மாநிலத்துக்கு மாநிலம் விலை மாறும்.

2025 பிப்ரவரியில் போர்பனுக்கு இந்த வரி 100% ஆகக் குறைக்கப்பட்டது. 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தப்படி அந்நாட்டு விஸ்கிக்கு முதலில் 75%, பத்தாவது ஆண்டில் 40% என்று குறையும். இந்த இரண்டு சலுகையும் ஜப்பான் விஸ்கிக்குப் பொருந்தாது. ஆகவே நீங்கள் கொடுக்கும் விலையில் பெரிய பங்கு வரிக்கும் அரிதானது என்ற பெயருக்கும் போகிறது. விலை இரண்டு மடங்கு என்றால் ருசியும் இரண்டு மடங்கு இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

உடல்நலக் கணக்கு

லேசாக இருக்கிறது என்பதால் ஆல்கஹால் குறைவு என்று அர்த்தம் இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 30 மி.லி.யில் இருக்கும் சுத்த ஆல்கஹால்: 43% பாட்டிலில் 10.2 கிராம், 45% பாட்டிலில் 10.7 கிராம், 46% பாட்டிலில் 10.9 கிராம். 60 மி.லி. 'லார்ஜ்' என்றால் இது இரட்டிப்பு. சோடா ஊற்றினால் செறிவு குறையும், கிராம் குறையாது. ஹைபால் சுலபமாக இறங்கும் என்பதாலேயே எண்ணிக்கை தப்பும்.

மது முதல் நிலைப் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. ஜப்பான் விஸ்கிக்கு இதில் விதிவிலக்கு இல்லை. குடிக்காதவர்கள் ருசிக்காகத் தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை. கர்ப்பிணிகள், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள், மருந்து எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டும். வண்டி எடுப்பவர்களுக்கு ஒரு சொட்டும் வேண்டாம். சட்ட வயதும் மாநிலத்துக்கு ஏற்ப மாறும்: தமிழ்நாட்டில் 21, கேரளாவில் 23, டெல்லியில் 25. பிகார், குஜராத்தில் மதுவிலக்கு.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. லேபிளில் இருப்பது 'கிரெய்ன் விஸ்கி'யா, 'கிரெய்ன் ஸ்பிரிட்'டா?
2. எந்த ஆலை என்று பெயர் இருக்கிறதா, அல்லது பாட்டிலில் அடைத்த நிறுவனத்தின் பெயர் மட்டும்தானா?
3. 'ஜப்பானில் வடித்தது' என்று இருக்கிறதா, 'ஜப்பானில் பாட்டில் செய்தது' என்று மட்டும் இருக்கிறதா?
4. 2021 வரையறைக்குள் வருகிறதா என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறாரா?
5. ஆல்கஹால் எத்தனை சதவீதம்?

முழு பாட்டில் வாங்குவதற்கு முன், நல்ல பாரில் 30 மி.லி. வாங்கி இரண்டு பேர் பகிர்ந்து பார்ப்பது பர்ஸுக்கும் நல்லது, கல்லீரலுக்கும் நல்லது. பிடித்திருந்தால் மால்ட்டா கிரெய்னா என்ற கேள்வியே வராது. பிடிக்கவில்லை என்றால், பெயருக்காகப் பிடித்த மாதிரி காட்டிக்கொள்ளவும் வேண்டாம்.